என் டம்ளருக்கு மட்டும் இங்கிலீஷ்

இன்று காலை எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, டம்ளரை விளக்கினேன். கொஞ்சம் அடுப்புச் சாம்பல், நேற்றுப் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல். பின்கட்டுக் கல்லில் உட்கார்ந்து விடியும்வரை தேய்த்தேன். எவர்சில்வர் பளிச்சென்று ஆகிவிட்டது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகளுக்குள் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. பழைய டூத் பிரஷ்ஷால் அதையும் குடைந்து எடுத்தேன். இப்போது யாரும் தடுமாறாமல் படிக்கலாம்: வீ. ராக்கம்மாள், பி.ஏ.

உன் வீட்டு டம்ளர். என் பெயர். வெட்டக் கொடுத்தவள் நீ.

நீ இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம் ஆகிறது. செத்தவர்களோடு சண்டை போடக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் உன்னோடு நான் சண்டை போடவில்லை. அதனால் இந்தக் கடிதத்துக்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

போன வாரம் உன் மகள் வந்தாள். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை. உன் நெற்றி, உன் நடை, கதவைத் திறந்ததும் செருப்பை மூலைக்கு ஒன்றாக உதறிவிட்டு வருகிற உன் அவசரம். மஞ்சள் பையிலிருந்து இந்த டம்ளரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஆன்ட்டி, இது என்னன்னு தெரியுதா?"

தெரிந்தது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"மாமா வீட்டுல பொறவாசல் மாடத்துல கவுந்து கெடந்துச்சு. அம்மா உங்களுக்குன்னே பேரு வெட்டி வச்சிருந்தாங்களாமே! வேற யாரையும் தொடவே விட மாட்டாங்களாம். மாமாதான் சொன்னாரு."

"மாமா எப்படிச் சொன்னாரு?"

"எப்படின்னா? சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

சிரித்திருப்பார். உன் அண்ணனை எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு திட்டம் இருக்கிறது. கீழக்குயில்குடியில் உன் பிறந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை படையல், மத்தியானம் பந்தி. பந்திக்கு முன்னால் நான் எழுந்து உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். பேசும்போது டம்ளரை எல்லாருக்கும் காட்ட வேண்டும். பிறகு அதை உன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவாள். "ரெண்டு பேரும் எம்புட்டு சிநேகிதமா இருந்திருக்கீங்க, எங்க சொந்தக்காரங்களுக்கே தெரியாது ஆன்ட்டி. தெரியட்டும்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது.

தெரியட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அலமாரிக்குள் போய்விட்டால் அது பாசத்தின் அடையாளம் ஆகிவிடும். உன் மகள் தன் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்வாள். அவர்கள் அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பிறகு அதை மாற்ற யாராலும் முடியாது. மாற்றுவதற்கு எனக்கு இருப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

நினைவிருக்கிறதா, நாம் ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக மதுரை முழுக்க அலைந்தது? எழுபதுகளின் தொடக்கம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாம், வேலைக்கும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில், மாடியில், மூன்று மேசை போட்ட பதிப்பகம். கடைக்காரர்களும் யாத்ரீகர்களும் வாங்கிப் படிக்கிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம் போட முதலாளிக்கு ஆசை. பக்கத்துக்கு ஓர் ஆங்கில வினைச்சொல், கீழே தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது. சௌராஷ்டிரமும் வேண்டும் என்று நீ அடம்பிடித்துச் சேர்த்தாய். "மதுரையில புத்தகம் போட்டுட்டு அவங்கள விட்டா நம்மள அடிக்க வருவாங்க" என்று முதலாளியைப் பயமுறுத்தினாய்.

வினைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். 'ஈட்', 'கோ', 'கம்' எல்லாம் உனக்கு. எனக்கு வந்தவற்றில் ஒன்று 'வாஷ்'.

எளிதான சொல் என்றுதான் எடுத்தேன். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், தமிழிலேயே தாளின் முதல் பக்கம் நிரம்பிவிட்டது. கையைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம், துவைத்ததை அலசுகிறோம். ஏனம் பாத்திரங்களை விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். வாயைக் கொப்பளிக்கிறோம், காலை அலம்புகிறோம், தலைக்கு ஊற்றிக்கொள்கிறோம். ஆங்கிலேயனுக்கு எல்லாம் ஒன்றுதான். "பாவம், தண்ணி இல்லாத ஊருக்காரன் போல" என்றாய் நீ. "அவன் ஊருல மழை நிக்கிறதே இல்லடி" என்றேன். "அப்ப சோம்பேறி" என்று முடித்துவிட்டாய்.

பிறகு தெருத்தெருவாகப் போனோம். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பாட்டி ஒருத்தி, ஏனத்துக்குக் 'கடுகு', துணிக்கு 'உதுக்கு' என்றாள். ஆஸ்பத்திரி மலையாள நர்ஸ், கைக்குக் 'கழுகு', துணிக்கு 'அலக்கு' என்றாள். கன்னடத்தில் ஒன்றுக்குத் 'தொளெ', மற்றதற்கு 'ஒகெ'. உருது பேசுகிற தையல்காரர் மட்டும் 'தோனா' என்று ஒரே சொல்லில் ஏறக்குறைய எல்லாவற்றையும் முடித்தார். வருகிற வழியெல்லாம் நீ அதையே பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாய்: "தெலுங்குல கடுகு, மலையாளத்துல கழுகு, நம்ம ராக்கு வாயில அழுக்கு." பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் தொடையில் கிள்ளினேன்.

பரவைச் சந்தையில் கீரை விற்றவளை மறந்திருக்க மாட்டாய். "ஏம்மா, கீரையக் கழுவுறதுன்னு சொல்லலாமா?" என்று நான் தாளை நீட்டிக் கேட்டதும், தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள்.

"கீரைய அலசணும்த்தா. கத்திரிக்காயத் தொடைக்கணும். கெழங்கத் தேச்சு எடுக்கணும். கழுவுறதுன்னா வாயத்தான் கழுவணும். காலங்காத்தால வந்து யாவாரத்தக் கெடுக்கிறீகளே, ரெண்டு கட்டு வாங்குங்க!"

வாங்கினோம். அந்தக் கீரையை உன் வீட்டுக்குத்தான் கொண்டு போனோம். அன்றும் ஞாயிற்றுக்கிழமை.

உன் வீட்டைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நான் திருவாதவூரில் ஊருக்கு வெளியே இருக்கிற தெருவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். உன் வீடு மலையடிவாரத்தில் தோப்பும் கிணறும் நாலு ஜோடி மாடுமாக இருந்த வீடு. இது நம் இருவருக்கும் விடுதியில் சேர்ந்த முதல் நாளிலேயே தெரியும். தெரிந்தும் நீ என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய். அதற்காக உன்னை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லி இந்தக் கடிதத்தைக் கெடுக்க மாட்டேன்.

முதல் தடவை உன் வீட்டுக்குக் கூப்பிட்டபோது நான் பயந்தேன். டீக்கடையில் எங்களுக்கென்று தனியாகத் தொங்கிய கிளாஸை, வயல்வரப்பில் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றிய தண்ணீரைச் சின்ன வயதிலேயே பார்த்தவள். ஆனால் உன் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உள்ளே கூட்டிப் போனாய். பாயில் உட்கார வைத்தாய். நான் கிணற்றில் வாளியைப் போடப் போனபோது, "நீ விருந்தாளி, சும்மா இருடி" என்று நீயே இறைத்து ஊற்றினாய். இரண்டாம் முறை போனபோது, முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாய். இந்த டம்ளர்.

"படி."

"வீ. ராக்கம்மாள்…" மேலே படிக்க முடியவில்லை.

"பி.ஏ.யும் போடச் சொன்னேன். எழுத்துக்குக் காசு கூடக் கேட்டான் பாத்திரக்கடைக்காரன். போடுய்யா, அவ சும்மாவா வாங்குனான்னு சண்டை போட்டேன்."

நம் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணச் சீர் வாங்கினால் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். என் அம்மாவின் சீரில் பெயர் வெட்டுகிற மாதிரி ஒரு பாத்திரமும் இருந்ததில்லை. எனக்கென்று ஒரு வீட்டில், அதுவும் அந்த மாதிரி ஒரு வீட்டில், பெயர் வெட்டிய டம்ளர் இருக்கிறது. ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "பேரா? ஒம் பேரா? அவுக வீட்டுலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உன்னை நான் மன்னித்தாலும், அம்மாவின் அந்த முந்தானைக்கு என்ன சொல்வது?

ஒவ்வொரு முறையும் காபி குடித்து முடித்ததும் நீ சொல்வாய்: "ராக்கு, டம்ளர வாஷ் பண்ணி வச்சிடுறியா?"

மெதுவாக, சிரித்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொல்வாய். நானும் எழுந்து போய்க் கழுவி மாடத்தில் கவிழ்த்துவிட்டு வருவேன். அந்த வீட்டில் வேறு யாரும் குடித்த கையோடு எழுந்து தன் டம்ளரைக் கழுவுவதில்லை என்பதைப் பார்த்தேன். ஆனாலும் பெயர் வெட்டியது ஆயிற்றே, என்னுடையதை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். உன் தட்டை நீ கழுவினாய். உன் அண்ணன் தட்டைக் கழுவச் சொல்லி உன் அம்மா உன்னை ஏவினார்கள். செம்பை விளக்கினாய், சட்டியைத் தேய்த்தாய். அந்த வீட்டுக்குள் 'வாஷ்' என்ற சொல் வந்தது என் டம்ளருக்கு மட்டும்தான். அந்தச் சொல்லைத் தேடி ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்த எனக்கு, அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கீரை கொண்டு போன அன்று உன் அம்மா பின்கட்டில் ஏனம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். உன் அண்ணன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் பென்சிலும் தாளுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, எதை எதை எப்படிச் சொல்லுவீங்க? எழுதிக்கிறேன்."

அவர்களுக்கு ஒரே சந்தோஷம். படித்த பிள்ளை தன்னிடம் வந்து கேட்கிறதே! ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிக் காட்டிச் சொன்னார்கள். "இந்தா, குண்டான் இருக்குல்ல, இதத் தேய்க்கணும். சொம்ப வெளக்கணும். பாலேனத்த மொதல்ல அலசிட்டு, பெறகு வெந்நி ஊத்திக் கழுவணும். சல்லடைய உதறிக் கழுவணும்." நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில், விளையாட்டாகத்தான், மாடத்தைக் காட்டிக் கேட்டேன்.

"என் டம்ளரு?"

"அது வெளக்குறதுல சேராதுத்தா. நீ போனப்பறம் தண்ணி தெளிச்சு எடுக்கிறது."

"நான்தான் கழுவி வச்சிட்டுப் போறேனேம்மா?"

"நீ கழுவுனா கழுவுனதாகுமா?" கோபமாகச் சொல்லவில்லை. கிழமை சொல்கிற மாதிரி சொன்னார்கள். "தெளிச்சு, தனியா கவுத்துருவோம். மத்த ஏனத்தோட கலந்துறக் கூடாதுன்னுதான ஒம் பேரையே வெட்டுனது. எம் மக யோசனதான். எனக்கெல்லாம் தோணுமா? அவ படிச்சவல்ல!"

மோட்டார் சைக்கிள் பக்கமிருந்து உன் அண்ணன் சிரித்தார். "என்னம்மா பி.ஏ., எழுதிக்கிட்டியா? இதுக்கு இங்கிலீசுல வார்த்தை இருக்கா?"

நான் எழுதினேன். தாளின் கடைசி வரியில்: தண்ணீர் தெளித்து எடுத்தல்.

கீரைக் குழம்பு சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். நீ பின்னாலேயே ஓடி வந்தாய். மலையடிவாரத்துக் குளக்கரையில் பிடித்துவிட்டாய். நான் கேட்டேன், ஒரே கேள்வி. நீ குளத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய்.

"வேற என்னடி செய்யச் சொல்ற? நான் டம்ளர் வாங்கலேன்னா மறுதடவ ஒன்னைய வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க. அம்மாகூட மூணு நாளு சண்டை போட்டு, சாப்புடாமக் கெடந்து, ஒன்னைய உள்ள கூட்டிட்டு வந்தேன். அதப் பாக்க மாட்டேங்குறியே."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

உண்மைதான். வந்திருக்க மாட்டேன். வருவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்திருப்பேன். நீ எனக்காக முடிவு செய்தாய். அதற்குப் பி.ஏ. என்று பட்டமும் போட்டு, என்னையே சந்தோஷப்படவும் வைத்தாய்.

"வாஷ் பண்ணுனாப் போகுது, இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டு…" என்று என் கையைப் பிடித்தாய். அப்போதும் அந்தச் சொல்தான். கழுவு என்று சொல்ல உன் நாக்கு கூசியது. அதைச் சொன்னால் யார், யாரிடம், எதற்குச் சொல்கிறார்கள் என்பது உன் காதிலேயே விழுந்துவிடும். இங்கிலீஷில் சொன்னால் அது யாரோ சொன்னது போல இருக்கும்.

மறுநாள் பதிப்பகத்தில் என் 'வாஷ்' பக்கத்தைச் சரிபார்த்தவள் நீ. தமிழுக்குக் கீழே கடைசியாக நான் எழுதியிருந்ததை, சிவப்புப் பென்சிலால் ஒரே கோட்டில் அடித்தாய். "வெளியூர்க்காரங்க வாங்குற புத்தகம்டி. இது எதுக்கு?" என்றாய். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா அது?" என்றார். "ஒண்ணுமில்ல சார், வழக்குல இல்லாத சொல்லு" என்றாய்.

வழக்கில் இல்லாத சொல்! உன் வீட்டுப் பின்கட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்துகொண்டிருந்தது, வழக்கில் இல்லை.

அதற்குப் பிறகும் நாம் பேசாமல் இருந்துவிடவில்லை. மதுரையில் அப்படிப் பகிரங்கமாகப் பேச்சை முறித்துக்கொள்ள என்னைப் போன்றவர்களுக்கு வசதி கிடையாது. நீ கல்யாணம் செய்துகொண்டாய், நான் பி.டி. முடித்து ஆசிரியை ஆனேன். உன் கல்யாணத்துக்கு வந்தேன், வளைகாப்புக்கு வந்தேன், உன் அம்மா இறந்தபோது வந்தேன். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. "காபி போடவா ராக்கு?" என்று நீ கேட்கிறபோதெல்லாம், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்பேன். பதினைந்து வருஷத்துக்கும் மேல் நான் எப்போதும் இப்பத்தான் குடித்துவிட்டு வந்தேன். நீ வற்புறுத்தவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பார்க்கத்தான் நான் வந்துகொண்டிருந்தேனோ என்று சில சமயம் தோன்றும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில். வயிற்றுக்கட்டி முற்றி, நீ தோலும் எலும்புமாகக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டாய். நான் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினேன். என் கையால் குடித்தாய். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ராக்கு, அந்த டம்ளரு…" என்று ஆரம்பித்தாய்.

"பேசாமப் படு. அப்பறம் பேசலாம்" என்றேன். நெற்றியைத் தடவிக் கொடுத்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி, "கூடப் பொறந்த பொறப்பா? என்னா பாசம்!" என்றாள். நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும். சொல்லவிட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சாகக் கிடக்கிறவளிடம் சொல்வதற்கு ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. இன்றைக்கும் இல்லை. அந்தப் பாதிச் சொல்லோடுதான் நீ போனாய்.

சாவுக்கு வந்துவிட்டு வீடு திரும்பித் தலை முழுகினேன். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் தலை முழுகுகிறோம், ஓர் ஆளே வேண்டாம் என்று விட்டாலும் தலை முழுகிவிட்டேன் என்கிறோம். அன்று ஊற்றிக்கொண்டது இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் முழுசாகப் போகவில்லை.

உன் அண்ணன் இப்போது என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்கிறார். அவருடைய இளைய மகன் என்னிடம்தான் இங்கிலீஷ் படிக்கிறான். ஊரில் ஏதோ தேர்தலில் நிற்கப் போகிறாராம். எல்லாத் தெருவுக்கும் வருகிறார், எல்லா வீட்டுக் காபியும் குடிக்கிறார். காலம் மாறிவிட்டது என்று மேடையில் பேசுவதாகவும் கேள்வி. மாறியிருக்கலாம். ஆனால் மாடத்தில் டம்ளர் கவிழ்ந்தே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. விஷயம் தெரியாத பிள்ளை ஒருத்திதான் அதைத் தொட்டாள்.

அந்தப் பிள்ளைதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். அம்மாவை இழந்த பிள்ளை. டம்ளரை நீட்டியபோது அவள் கை எவ்வளவு பத்திரமாகப் பிடித்திருந்தது என்பதை நினைத்தால், பேசாமல் போய், நாலு நல்ல வார்த்தை சொல்லி, அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறது. இந்த வாரம் முழுவதும் அப்படித்தான் செய்வதாக இருந்தேன். நல்ல வார்த்தைகளைத் தயாரும் செய்தேன். ஆனால் அதற்கு, அவளுக்கு ஒரு பொய்யைக் கொடுத்து அதைப் பாசம் என்று நம்ப வைக்க வேண்டும். நீ எனக்குச் செய்ததும் அதுதானே? அவளாவது யாருடைய வீட்டில் எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும்.

அதனால்தான் இன்று காலையில் எழுத்துகளைக் குடைந்து எடுத்தேன்.

"ஆன்ட்டி, நீங்க சீக்கிரமே வந்துருங்க. பந்தியில எங்க கூட நின்னு பரிமாறணும்" என்று உன் மகள் கேட்டிருக்கிறாள். போகப் போகிறேன். பேச்சு ஒன்றும் பேசப்போவதில்லை. தொண்டை கட்டிவிட்டது என்பேன். முதல் பந்தியில் முதல் இலை உன் அண்ணனுடையது. தண்ணீர் நான் வைப்பேன், இந்த டம்ளரில். பெயர் இருக்கிற பக்கம் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்திருக்கும். காரக்குழம்புக்குப் பாதியும் பாயசத்துக்கு அப்புறம் மீதியும் குடிப்பார். அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்பேன். பிறகு டம்ளரைத் திருப்பி வைத்துப் படிக்கச் சொல்வேன். பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. உன் மகள் காதிலும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், அந்தக் காலத்தில் எதையும் உன்னிடம் முதலில் சொன்ன மாதிரி.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது உன் குரல்தான். அதை நான் இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். இன்று காலை கல்லில் உட்கார்ந்து ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். மெதுவாக, சிரித்துக்கொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொல்வது போல.

"அண்ணே, அன்னைக்குக் கேட்டீங்களே, இங்கிலீசுல வார்த்தை இருக்கான்னு. இருக்குண்ணே. குடிச்சாச்சுல்ல? டம்ளர வாஷ் பண்ணி வச்சிடுறீங்களா?"